கம்ப்யூட்டர் அணையும் வரை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அணைவதற்குப் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன். ஷட் டவுன் கொடுத்ததும் திரை நீலமாகும். நடுவில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டமாகச் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். மாடிவீட்டுக்காரர் மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்து வழிந்து, அவர் ஓடிவந்து நிறுத்திவிட்டுப் போன பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்தவன். கரும்போடு வண்டி ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை, கழித்தால் கரும்பு. வேலை போன பிறகும் புத்தி போகவில்லை. எங்கள் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு வரும் ரயில் எவ்வளவு தாமதம், தெருக்குழாயில் தண்ணீர் எவ்வளவு நேரம் வந்தது, சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய்த் துண்டு, எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். மொட்டை மாடியில் மழைமானி ஒன்று வைத்திருக்கிறேன். தினமும் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். மழை பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று ஏற்றுவேன். மகள் காலேஜில் படித்தபோது அவளுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவள் கல்யாணமாகிச் சிதம்பரத்துக்குப் போய்விட்டாள். அது என்னிடம் தங்கிவிட்டது.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவனுக்கு வந்த நோயைப் பார் என்று எல்லோரும் ஒருமுறையாவது சிரித்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது சிரிப்பு வராத பகுதியை.

அந்தப் பதினான்கு நிமிடத்தில் நான் தேன்மிட்டாய் தின்றேன்.

தேன்மிட்டாய் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் விற்பார்களே, சிவப்பாக, உருண்டையாக, கடித்தால் உள்ளே பாகு. ஸ்டேஷன் ரோட்டுப் பெட்டிக்கடையில் கண்ணாடி ஜாடியில் இருந்தது. ஒருநாள் தீப்பெட்டி வாங்கப் போனவன் அதையும் கொஞ்சம் வாங்கினேன். கடைக்காரர், "பேரப்புள்ளைக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். மகளுக்கு இன்னும் குழந்தை இல்லை. மிட்டாய்க்காகச் சொன்ன முதல் பொய் அதுதான். அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். நானும் நன்றாக இருக்கிறான் என்பேன்.

வாங்கியதை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் என் மனைவியின் கை படாத இடம் ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டி. சிபியு என்பார்கள். அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பல வருஷத்துக்கு முன்பு நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். துடைக்கும்போது அவள் ஒயரை எதையாவது இழுத்துவிடுவாளோ என்கிற பயத்தில் சொன்னது. அவள் அதை அப்படியே நம்பினாள். வீடு பெருக்கும்போது அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு முழம் விட்டுத்தான் பெருக்குவாள். அதன் பக்கத்துத் தகட்டில் திருகாணிகள் எப்போதோ தொலைந்துவிட்டன. தள்ளினால் திறக்கும். உள்ளே கீழ்ப்பக்கம் நல்ல இடம் உண்டு. ஒரு பழைய ஊறுகாய் டப்பாவில் மிட்டாயைப் போட்டு அங்கே வைத்தேன். உள்ளே சூடு. பாகு இளகி இன்னும் ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் சீக்கிரம் அணைந்தால், அந்த அறையில் எனக்கு என்ன வேலை? அணையும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும், பாதியில் கரண்ட் போனால் கெட்டுவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் சமையலறையிலிருந்து, "என்னாங்க, இன்னுமா அணையல?" என்பாள். "இன்னும் சுத்துது" என்பேன். வாயில் மிட்டாய் இருந்தால் "ம்" என்பேன்.

இதில் என் உடம்பு மட்டும் கெட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

என் மனைவிக்கு இனிப்பென்றால் உயிர். அவள் குடிக்கிற டீயைப் பார்த்து, "இது டீயா, பாயசமா?" என்று கேலி செய்வேன். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரத்திலேயே அவள் தனக்கும் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். "ஒருத்தர் சாப்புடாதப்ப இன்னொருத்தர் எப்படிச் சாப்புடறது?" என்று அதோடு முடித்துவிட்டாள். வீட்டில் சர்க்கரை டப்பா காலியானது. அதைக் கழுவி அதில் வெந்தயம் போட்டு வைத்தாள். தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்த பலகாரத்தைக் கேட்டுக்கு வெளியே வைத்தே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். எனக்குக் கேழ்வரகு என்றால் அவளுக்கும் கேழ்வரகு. எனக்குக் கோவைக்காய் என்றால் அவளுக்கும் அதே.

இருந்தும் என் சர்க்கரை ஏறியது. எப்படி ஏறாமல் இருக்கும்?

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் பார்க்கிற டாக்டர் ஒரு பெண். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்க மாட்டார். என் மனைவியைத்தான் கேட்பார்.

"ஏம்மா, சமையல் உங்க கையிலதான இருக்கு? நீங்கதான கன்ட்ரோல் பண்ணணும்?"

"பண்றேங்க டாக்டர்."

"பண்ணா ஏன் ஏறுது? சோறு ஜாஸ்தி போடுறீங்களா?"

"இனிமே கொறச்சிடறேங்க."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் குறைத்தாள். எனக்கு டம்ளரில் அளந்து சோறு போட்டாள். அதே டம்ளரில் தனக்கும் போட்டுக்கொண்டாள். சிதம்பரத்திலிருந்து மகள் போனில் சத்தம் போட்டாள். "அம்மா, நீ பாவம் பாத்துப் பாத்துத்தான் அப்பாவ இப்படி ஆக்கிட்ட. அவுரு கேட்டா உடனே குடுத்துடுவ." அதற்கும் இவள் சரி என்றாள். ஒருநாள் மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாமே தொளதொளவென்று ஆகிவிட்டனவாம். நான் அதைப் பார்த்தேன். ஐந்து ரவிக்கை. பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் மழை ஏற்ற வேண்டும் என்று எழுந்து போனேன்.

இதற்கிடையில் எறும்பு வந்தது. சுவரோரம் கோடு போட்டு வரும். அவள் எறும்புச் சாக்பீஸ் வாங்கி அரிசி டிரம்மைச் சுற்றிக் கோடு போட்டாள். எறும்பு டிரம்மைத் தொடவில்லை, வேறு பக்கம் போயிற்று. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று, "சக்கரயே இல்லாத வூட்ல எறும்புக்கு என்னா வேல?" என்றாள்.

"மழை வரப்போவுது. அதான்" என்றேன்.

அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் பூஜ்யம் என்று ஏற்றினேன்.

கம்ப்யூட்டரைச் சரிசெய்ய முதலில் முயன்றவர் எங்கள் மாப்பிள்ளை. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். பொறுமைசாலி. அவரிடம் சொன்னது என் மனைவிதான். "மாமா அது முன்னாடியே உக்காந்துருக்காரு மாப்ள, கால் ரெண்டும் வீங்கிப்போவுது" என்றாளாம். கால் வீங்கியது உண்மை. காரணம் நாற்காலி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார்.

"மாமா, கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்களா? கீழ ஒரு பட்ட மாதிரி நீளமா இருக்கும் பாருங்க. அதுல ரைட் கிளிக் பண்ணுங்க."

"எந்தப் பட்ட மாப்ள?"

"திரைக்குக் கீழ. ஓரத்துல கடிகாரம் காட்டுதே, அந்தப் பட்ட."

"கடிகாரம் செவுத்துல இல்ல இருக்குது."

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அவர் சலித்துப்போய் விட்டுவிடட்டும் என்று தெரியாத மாதிரி பேசினேன். அவர் சலிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைவிட மோசமான பிள்ளைகளை எல்லாம் பார்த்திருப்பார். மெதுவாகச் சொல்லிச் சொல்லி டாஸ்க் மேனேஜர் வரைக்கும் கூட்டிப் போனார். கம்ப்யூட்டர் போட்டதும் தானாகவே எழுந்துகொள்கிற புரோகிராம்கள் அங்கே வரிசையாக இருந்தன. பதினொன்று. அணைக்கும்போது இவை ஒவ்வொன்றும் முடியும்வரை அது காத்திருக்குமாம். மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நிறுத்தச் சொன்னார். தேவையில்லாமல் சேர்ந்துகிடந்த தற்காலிகக் கோப்புகளையும் அழிக்கச் சொன்னார். என் மனைவி கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, "பாவம், மாப்ள டிபன் சாப்புட்டாரோ என்னமோ" என்றாள்.

அன்று ஆறு நிமிடத்தில் அணைந்தது.

அவள் கைதட்டாத குறை. "எவ்ளோ சீக்கிரம் பாத்தீங்களா!" என்றாள். நான் வாயில் இருந்ததைக் கடிக்காமல் அப்படியே முழுங்கினேன்.

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை நிறுத்தச் சொன்ன எட்டையும் ஒவ்வொன்றாக மறுபடியும் ஓட விட்டேன். சாயங்காலம் போன் செய்து, "மாப்ள, மறுபடியும் பதினாலுக்கே வந்துடுச்சி" என்றேன். குரலில் கொஞ்சம் வருத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் நொந்துபோனார். எங்கே தப்பு நடந்தது என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாராம். பள்ளிக்கூடத்தில் இன்னொரு வாத்தியாரிடம்கூடக் கேட்டாராம். அடுத்த ஞாயிறு டிஸ்க்கைச் சோதிக்கச் சொன்னார். அது ஓட அரை நாள் ஆனது. போனை வைக்காமல் கூடவே இருந்தார். கடைசியில், "சாஃப்ட்வேர்ல ஒண்ணும் தெரியல மாமா. பெட்டியத் தொறந்து பாக்கணும். தூசி அடஞ்சி உள்ள சூடாவுதோ என்னமோ. நான் ஒருநாள் வரேன்" என்றார்.

"ஒங்களுக்கு எதுக்கு மாப்ள அலைச்சல்?" என்றேன். இவ்வளவு அக்கறையாக அவரிடம் நான் அதுவரை பேசியதில்லை.

டப்பாவை எடுத்துவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். எடுக்கவில்லை. அவர் வருவதற்கு முன்னால் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். அந்த வாரம் புதிதாகவும் வாங்கியிருந்தேன்.

அவர் வரவில்லை. நாங்கள்தான் போனோம்.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வெளியே வந்தால், கூடத்தில் அந்தப் பெட்டி ஒரு பழைய நூல்சேலையில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. பக்கத்தில் என் மனைவி, காலில் ரப்பர் செருப்பு, கையில் ரசக் கரண்டி. மரக் கரண்டி. அதை வைத்துத்தான் ஒவ்வொரு ஒயராக நெம்பி எடுத்திருக்கிறாள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் கட்டியிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"ஷாக் அடிக்கல" என்றாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

"எதுக்கு இப்ப?"

"மாப்ள எதுக்கு அலையணும்? நாமளே எடுத்துக்கிட்டுப் போயிடலாம். மவளையும் பாத்த மாதிரி ஆவும். கெளம்புங்க, எட்டே காலு பஸ்ஸப் புடிக்கலாம்."

மூட்டையை அவிழ்க்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஏழெட்டு யோசித்தேன். எல்லாமே பொய் என்று பார்த்த உடனே தெரிகிற மாதிரி இருந்தன.

பஸ்ஸில் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட குடு" என்றேன். "ஒங்களுக்குக் கால் வீக்கம். நானே வெச்சிக்கிறேன்" என்றாள். கண்டக்டர் வந்து மூட்டையை ஒரு தட்டு தட்டினார்.

"என்னாம்மா இது, டிவியா?"

"கம்ப்யூட்டருங்க. ஒடம்பு சரியில்ல, சிதம்பரத்துல காட்டப் போறோம்."

"லக்கேஜ் போடணும்மா."

"கொழந்தய மடியில வெச்சா டிக்கெட்டா கேப்பீங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டு நகர்ந்துபோனார். ஆலப்பாக்கம் தாண்டும்போது சேலை முடிச்சிலிருந்து ஒரு எறும்பு வெளியே வந்து அவள் முழங்கை மேல் ஏறியது. தட்டிவிட்டாள். புதுச்சத்திரத்துக்குள் இன்னும் நான்கு. "வண்டியெல்லாம் எறும்பு, என்னா பஸ்ஸோ" என்று முணுமுணுத்தாள். எறும்பு வரும் இடத்தை நான் மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பி. முட்லூரில் பஸ் நின்றபோது இறங்கி எங்கேயாவது போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே போவது? வெள்ளாற்றுப் பாலம் வந்துவிட்டது.

மகள் வீடு மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். மாப்பிள்ளை கூடத்தில் பழைய பேப்பரை விரித்துத் தயாராக வைத்திருந்தார். திருப்புளி, பிரஷ், பஞ்சு, ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட். மகள் சுடச்சுட டீ கொண்டுவந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சர்க்கரை இல்லாமல்.

"முதல்ல சாப்புட்டுடலாமே மாப்ள" என்றேன்.

"ரெண்டு நிமிஷம் மாமா. தொறந்து பாத்துடறேன்." மூட்டையை அவிழ்த்தார். "என்னா மாமா, திருகாணியே இல்ல?"

தகட்டைத் தள்ளினார்.

எறும்பு கொட்டியது. பேப்பர் முழுக்கப் பரவி, அவர் கை மேல் ஏறி, தரையில் இறங்கி ஓடியது. அவர் எழுந்து கையை உதறினார். மகள் "அய்யோ" என்று பின்னால் போனாள். உள்ளே ஊறுகாய் டப்பா கவிழ்ந்து, மூடி கழன்று கிடந்தது. பஸ் ஆட்டத்தில் கவிழ்ந்திருக்கும். சிவப்புப் பாகு தகட்டில் வழிந்து காய்ந்திருந்தது, பழையது மேல் புதியது. கீழே இருந்த காற்றாடியின் இறக்கைகளில் பாகும் தூசியும் செத்த எறும்பும் சேர்ந்து கறுப்பாக ஒட்டிக்கிடந்தன.

மகள் குனிந்து பார்த்தாள். "என்னா இது? தேன்முட்டாயா?"

மாப்பிள்ளை டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் என் மனைவி பேசிவிட்டாள்.

"நான் வெச்சதுதான் மாப்ள."

"அத்த?"

"அவுரு கண்ணுல படாம இருக்கட்டும்னுதான் அதுக்குள்ளாற வெச்சேன். ஆச வுடல. எப்பனா ஒண்ணு வாயில போட்டுக்குவேன்."

அந்தப் பெட்டியில் தன் கை முதன்முதலில் பட்டது அன்று காலையில்தான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மகள் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கும்மா நீ பண்றது! சக்கரய வுட்டுட்டேன், சக்கரய வுட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு? வீட்ல இனிப்ப வெச்சிக்கிட்டு அப்பாவுக்கு எப்படிக் கொறயும்? அவுரு பாவம், வாயக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்காரு!"

"ஆமா" என்றாள் இவள். "தப்புதான்."

"சின்னப் புள்ளயா நீ?"

"வுடேன்டி. மாப்ள எதிருல..."

மாப்பிள்ளை மறுபடியும் என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து காற்றாடியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தார். "ஃபேன் சுத்தவே இல்ல மாமா. உள்ள சூடாச்சுன்னா அது தன்னக் காப்பாத்திக்க எல்லா வேலயும் மெதுவா செய்யும். அவ்ளோதான் விஷயம்" என்றார். எட்டு புரோகிராமும் திரும்ப ஓடுவதை அன்றைக்கு அவர் பார்த்திருப்பார். பார்க்காமல் இருக்க முடியாது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது மகள் எனக்குக் கூட்டை அள்ளி வைத்தாள். "அம்மாவுக்கு ரசம் போதும். அவுங்கதான் முட்டாய்லயே வயித்த ரொப்பிக்கிறாங்களே" என்றாள். இவள் சிரித்தாள். நிஜமாகச் சிரிப்பது போலவே இருந்தது. நான் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன். கிளம்புவதற்கு முன் மாப்பிள்ளை தன் திரையோடு பெட்டியைச் சேர்த்துப் போட்டு, அணைத்துக் காட்டினார். நாற்பது நொடி.

"இப்ப சந்தோஷமா மாமா?"

"ரொம்ப சந்தோஷம் மாப்ள."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஜன்னலோரம். பரங்கிப்பேட்டைக்குத் திரும்புகிற இடம் தாண்டியது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தன?"

"என்னா?"

"எதயும் எண்ற ஆளுதான நீங்க? ஒரு நாளைக்கு எத்தன?"

"நாலு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆறு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கலர் நூல்களைப் பார்த்துப் பார்த்து ஒயர்களைத் திரும்ப மாட்டியதும் அவள்தான். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளவில்லை.

அன்றோடு நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை அவளிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. மகளுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை போனை எடுப்பேன். அவள் "சாப்டியாப்பா?" என்பாள். அந்தக் குரலில் இருந்த பரிதாபம் என் வாயை அடைத்துவிடும். நான்தான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே. அம்மா எங்கே என்று கேட்டு, அடுத்து அவளைத் திட்டுவாள். நான் போனை இவளிடம் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன், மழைமானியைப் பார்க்க.

அடுத்த முறை டாக்டரிடம் போகும் நாளில் மகள் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். "அம்மாவ நம்ப முடியாது, நானே டாக்டருகிட்ட சொல்றேன்" என்றாள். மூன்று பேரும் உள்ளே போனோம். டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தார். மூன்று மாசச் சராசரி, இன்னும் ஏறித்தான் இருந்தது. வழக்கம்போல என் மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது? எத்தன தடவ சொல்றது?"

"எங்கம்மா வூட்லயே முட்டாய் ஒளிச்சி வெச்சிருந்தாங்க டாக்டர்" என்றாள் மகள். "கம்ப்யூட்டருக்குள்ள. நாங்களே கண்டுபுடிச்சோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இனிமே வாங்க மாட்டேங்க" என்றாள்.

அவள் கழுத்தைப் பார்த்தேன். சங்கிலி எலும்பு மேல் கிடந்தது. இடுக்கித் தைத்த ரவிக்கையும் தோளில் நிற்கவில்லை.

"அது இல்லைங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. டாக்டர் எழுதத் தொடங்கியிருந்தார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "நான்தாங்க. முட்டாய் வெச்சதும் நான்தான், தின்னதும் நான்தான். இவுங்க ஒண்ணுகூடத் தின்னல. நான்தான், தீபாவளியிலேருந்து. ஒரு நாளைக்கு ஆறு."

பேனா நின்றது.

"அப்ப நான் இத்தன மாசமா மாத்திரய ஏத்திக்கிட்டே போனது எதுக்கு சார்?" என்றார் டாக்டர். சத்தம் போடவில்லை. அவர் அவளிடம் திரும்பி, "நீங்க ஏம்மா ஒங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்றார்.

"மாப்ள எதிருல எப்படிங்க..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு நன்றாகத் திட்ட வரும். தன் நாற்காலியைக் கொஞ்சம் அம்மா பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மகள் மரத்தடியில் தள்ளிப் போய் நின்று மாப்பிள்ளையிடம் பேசினாள். காற்றில் பாதி காதில் விழுந்தது. "இல்லங்க, அம்மா இல்ல... அப்பாதான்... என்னாது? ஒங்களுக்குத் தெரியுமா? அன்னிக்கேவா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

எதிரே டீக்கடை. என் மனைவி ரோட்டைக் கடந்து போனாள். நான் பின்னால் போனேன்.

"ரெண்டு டீ தம்பி" என்றாள். "ஒண்ணு சக்கர இல்லாம."

"இன்னொண்ணு?"

"சக்கர தூக்கலா."

கடைக்காரர் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். அவள் கிளாஸை நீட்டியபடியே நின்றாள். இன்னொரு கரண்டி போட்டார். ஊதி ஊதி, என்னைப் பார்க்காமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அடியில் கரையாமல் தங்கியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு காலி கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டி, "இதே மாதிரி இன்னொண்ணு" என்றாள்.

என் டீ ஆறிப்போய்க் கையிலேயே இருந்தது.